கினாவி பேரில் வைத்த சால்

வாசலில் சால் கவிழ்ந்து கிடந்தது.

பகீத் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். அவர் நின்றதும் பின்னால் வந்த ஒட்டகம் முகத்தால் அவர் முதுகில் இடித்து, என்ன என்பதுபோல ஒரு தடவை உறுமியது. காலையிலிருந்தே கம்சீன் அடித்துக்கொண்டிருந்தது. பாலைவனத்து மண்ணை அள்ளி வந்து ஆளுடைய பல்லுக்கிடையில் வைத்துவிட்டுப் போகிற காற்று. கரும்பு வெட்டு முடிகிற காலம். மிச்சத்தை இந்த வாரமே ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்று மேஸ்திரி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தான். வயலிலிருந்து கரும்பு ரயில் நிற்கிற இடம்வரை கட்டுக் கட்டாக ஒட்டகத்தில் ஏற்றி இறக்கிவிட்டு, கரும்புச் சோகை கிழித்த கையோடும் மண் அடைத்த தொண்டையோடும் வந்திருந்தார் அவர். வரும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான். வாசலில் போய் ஒரு குவளைத் தண்ணீர்.

அந்தச் சால் அவர் மகன் கினாவி பேரில் வைத்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தான் பையன். மீசை சரியாக வரவில்லை, அதற்குள். வசதிப்பட்டவன் வீட்டில் சாவு விழுந்தால் பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிப் போடுவான். பகீத்தின் மனைவி வஹீபா, கினா பட்டணத்துக் குயவரிடம் போய் நெஞ்சுயரத்துக்கு ஒரு மண்சால் வாங்கி, ஒட்டகத்தில் கட்டிக் கொண்டுவந்து, மரச்சட்டம் அடித்து வாசலில் நிறுத்தினாள். சங்கிலியில் ஒரு தகரக் குவளை. தினமும் விடிவதற்குள் கழுவி நிரப்பிவிடுவாள். வெயில் ஏற ஏறச் சால் வியர்க்கும். உள்ளே தண்ணீர் குளிர்ந்துகொண்டே போகும். கரும்பு வெட்டுகிறவன், ரயில் ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆட்டோக்காரன் என்று எவன் அந்த வழி போனாலும் குடிப்பான். குடித்துவிட்டுக் கினாவியின் ஆன்மாவுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போவான். அந்த முணுமுணுப்பு சன்னல் வழியே கேட்கிறபோதெல்லாம் வஹீபா கைவேலையை ஒரு கணம் நிறுத்துவாள். பிள்ளையிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

"எவன்டா இதைக் கவுத்தது?" என்று பகீத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"நான்தான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சத்தம் போடாம உள்ள வாங்க."

முற்றத்தில் வெயில் ரொட்டிக்குப் பிசைந்த மாவு மண்தட்டுகளில் வட்டம் வட்டமாக இருந்தது. வெயிலில் உப்பியவுடன் அடுப்புக்குப் போயிருக்க வேண்டியது. யாரும் எடுக்காமல் புளித்து நடுவில் குழி விழுந்து, மேலே மண் படிந்து கிடந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வஹீபா மாவை இப்படி விட்டு பகீத் பார்த்ததில்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காது மொட்டையாக இருந்தது.

"கம்மல் எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"தண்ணி டாக்டருக்கு."

"தண்ணிக்கு ஏதுடி டாக்டரு? தண்ணி என்ன பிரசவத்துக்கா கெடக்கு?"

வஹீபா சிரிக்கவில்லை. பகீத் எதிரே குந்தினார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். நெஞ்சுல அட்டை. தாமிர்னு பேராம். சுகாதாரத்துல இருந்து வர்றேன், வீடு வீடாத் தண்ணிய சோதிக்கணும்னார். கதவைத் தட்டி சலாம் சொல்லிட்டு, நான் வாங்கன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் உள்ள காலு வச்சார். நல்ல வளர்ப்பு."

"டீ குடுத்தியா?"

"குடுத்தேன். நோன்புன்னுட்டார். இன்னிக்குத் திங்கக்கிழமை இல்ல? திங்கள், வியாழன் நோன்பு வைக்கிறவராம்."

"சட்டைப் பையில சிகரெட்டு இருந்துச்சா?"

வஹீபா யோசித்தாள். "இருந்துச்சு. நோன்பு தெறந்துட்டுக் குடிப்பாரா இருக்கும்."

"இருக்கும், இருக்கும். மேல சொல்லு."

"ரெண்டு கிளாஸ் கேட்டார். ஒண்ணுல அவர் பாட்டில்ல கொண்டாந்த தண்ணி. இன்னொண்ணுல நம்ம சாலுத் தண்ணி. நானே என் கையால மொண்டு ஊத்தினேன். ஒரு மிஷினு. அதுக்குக் கீழ நாலு கம்பி தொங்குது. ரெண்டு கிளாஸுலயும் கம்பி முங்குற மாதிரி வச்சு, ஒயரைச் சுவத்துல சொருகினார். அவர் தண்ணி அப்படியே கெடந்துச்சு. நம்மது..."

"நம்மது?"

"மொதல்ல மஞ்சளாச்சு. அப்புறம் துரு நிறம். அப்புறம் கறுத்து நுரை தள்ளி, கால்வாய் தூர் வாரும்போது வருமே, அந்த மாதிரி சகதி தெரண்டு மேல வந்துச்சுங்க. நான் கண்ணால பார்த்தேன். 'வீட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லாம இருந்துச்சா'ன்னு கேட்டார். கினாவியச் சொன்னேன். 'கிட்னியா?'ன்னார். தலைய ஆட்டினார்." வஹீபாவின் குரல் அதற்குமேல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. அதுதான் பகீத்துக்குப் பயமாக இருந்தது. "'உங்க பிள்ளையக் கொன்னது இந்தத் தண்ணிதாம்மா. அதையே அவன் பேருல ஊருக்கும் ஊத்திட்டு இருக்கீங்க'ன்னார்."

காற்று கதவைத் தள்ளிச் சாத்தியது. பகீத் எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே குடத்தில், சாலில் ஊற்றுகிற அதே குழாய்த் தண்ணீர்தான் இருந்தது. குவளை நிறைய மொண்டு, அவள் எதிரில் வந்து நின்று, தொண்டை ஏறி இறங்குவது தெரியக் குடித்தார். இன்னொரு குவளை மொண்டு அதையும் குடித்தார்.

"பார்த்துக்க. நான் அறுவத்தஞ்சு வருசமா குடிக்கிறேன். எங்கப்பன் குடிச்சான், ஒட்டகம் குடிக்குது. அவன் திருட்டுப் பயடி."

"திருட்டுப் பயன்னா தண்ணி எப்படிக் கறுத்துச்சு? அதைச் சொல்லுங்க."

பகீத் காலிக் குவளையைத் தரையில் வைத்தார்.

அவர் எவனையும் நம்பிய ஆள் இல்லை. எடைமேடைக்காரனை நம்பியதில்லை, உரம் விற்கிறவனை நம்பியதில்லை, சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கிற எவனையும் நம்பியதில்லை. நம்பாமல் இருப்பதற்குக் காரணம் தேவைப்பட்டதும் இல்லை. ஆனால் பெண்டாட்டி கேட்கிறாளே, பிள்ளையை நானா கொன்றேன் என்று கேட்கிறாளே, அதற்கு ஒரு பதில் வேண்டுமே. 'எனக்கு அவன் மூஞ்சி பிடிக்கவில்லை' என்பது பதில் ஆகுமா? அதுவும் பார்க்காத மூஞ்சி.

"சனிக்கிழமை சுத்தம் பண்ற மிஷினக் கொண்டாந்து மாட்டுறாராம்" என்றாள் வஹீபா. "கம்மல் முன்பணம். மீதி, வெட்டுக் கூலி வந்ததும். அது வரைக்கும் நான் இந்தத் தண்ணியத் தொட மாட்டேன்."

"பின்ன எதைக் குடிப்ப? பெட்டியில வச்சிருக்கியே ஸம்ஸம், அதையா?"

"அதைத் தொடாதீங்க." இப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது என் கஃபனுக்கு."

எதிர்வீட்டு ஹாஜியம்மா சக்கீனா மக்காவிலிருந்து ஒரு சின்ன கேனில் கொண்டுவந்து கொடுத்த புனித நீர் அது. தான் இறந்தபின் உடம்பில் சுற்றப்போகிற வெள்ளைக் கஃபன் துணியோடு அதையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள் வஹீபா.

அடுத்த நாள் கரும்பு ஏற்றுகிற இடத்தில் இதே பேச்சுதான். தெருவில் பாதி வீட்டில் அந்த வெள்ளைக் கோட்டு நுழைந்திருந்தான். ஒருவன் ஆட்டுக்கிடாயை விற்று முன்பணம் கொடுத்திருந்தான். இன்னொரு வீட்டில் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பித்தளை அண்டா போயிருந்தது. பகீத்தோடு கட்டு தூக்குகிற அபுல்வஃபாவும் கொடுத்திருந்தான்.

"நீயுமாடா?" என்றார் பகீத்.

"நான் எங்க குடுத்தேன்? என் பொண்டாட்டி குடுத்தா. அவ அம்மா போன வருசம் மஞ்சக்காமாலையில போனா இல்ல? அதுக்கும் தண்ணிதான் காரணமாம்."

"உன் மாமியாவக் கொன்னது அவ வாயி."

"அண்ணே, சும்மா எரிஞ்சு விழாதீங்க. தண்ணி கறுத்துச்சா இல்லையா?"

"கறுத்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. தூக்குடா கட்ட." பகீத் கரும்புக் கட்டை ஒட்டகத்தின் மேல் எறிந்த வேகத்தில் அது தலையைத் திருப்பிப் பார்த்தது. "அடுத்தவன் வீட்டுக்குள்ள வந்து உக்காந்து, அந்த வீட்டு டீயக் குடிக்காமப் போறான் பாரு, அவன் சரியில்ல. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

"ஊரு இதைக் கேட்டா சிரிக்கும்ணே."

"சிரிக்கட்டும்."

வீட்டில் வஹீபா கடை பாட்டில் தண்ணீரை வாங்கி, மருந்துபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். ரொட்டி சுட்டாள், வெண்டைக்காயை மசித்துக் குழம்பு வைத்தாள், உப்பு மறந்தாள். வாசலில் குடிக்க வந்தவர்கள் கவிழ்ந்த சாலைப் பார்த்துத் தயங்கிப் போனார்கள். சன்னலுக்கு வெளியே முணுமுணுப்பு நின்றுபோனது. பகீத் தினமும் வேலையிலிருந்து வந்ததும் குடத்திலிருந்து ஒரு குவளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். தெரு பார்க்க நின்று குடித்துவிட்டு, கினாவிக்குத் தானே ஃபாத்திஹா ஓதுவார். வஹீபா உள்ளேயிருந்து "உள்ள வந்து குடிங்களேன்" என்பாள். "மாட்டேன்" என்பார்.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி ஆள் அனுப்பினான். "ஒட்டகத்துக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினார். ஒட்டகம் அவர் பக்கத்தில் நின்று ஒரு கட்டுப் புல்லை முழுதாகத் தின்றுகொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்று தெருவுக்குள் உருண்டு வந்தது. பின்னால் அட்டைப் பெட்டிகள். ஓட்டி வந்தவனே இறங்கி வெள்ளைக் கோட்டை உதறினான். முப்பது வயது இருக்கும். சவரம் செய்த முகம், மண்காற்றிலும் மினுமினுத்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஹாஜியார்."

"வ அலைக்கும். நான் ஹஜ்ஜுக்குப் போகல. ஒட்டகம்தான் மேய்க்கிறேன்."

"இன்ஷா அல்லாஹ் போவீங்க. அம்மா இருக்காங்களா?"

"இன்னிக்கு நோன்பு இல்லையா டாக்டரே?"

"இன்னிக்கு சனிக்கிழமைங்களே."

"அப்ப டீ போடச் சொல்றேன்."

தாமிர் அழகாகச் சிரித்தான். "உங்க தண்ணியிலயா? எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குங்க. மொதல்ல மிஷின மாட்டுவோம். அப்புறம் நீங்க அடிச்சு வெரட்டுற வரைக்கும் டீ குடிக்கிறேன்."

பெட்டிகளைப் பார்த்ததும் தெரு கூடிவிட்டது. முன்பணம் கொடுத்தவர்கள், கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள், சும்மா பார்க்க வந்தவர்கள். ஹாஜியம்மா சக்கீனா தன் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், கத்தியோடு எழுந்து வந்தாள். கூட்டத்தைக் கண்டதும் தாமிருக்குக் குஷி. சன்னல் வழியாக ஒயரை இழுத்து, வாசல் திட்டில் தன் கருவியை வைத்தான். தன் பாட்டிலிலிருந்து ஒரு கிளாஸ் நிரப்பினான்.

"சந்தேகப்படுறவங்க முன்னாடி வாங்க. நான் சொல்றத நம்ப வேண்டாம். ஒங்க கண்ண நம்புங்க. யாராச்சும் இந்த வீட்டுத் தண்ணி ஒரு கிளாஸ் கொண்டாங்க."

பகீத் நகரவில்லை. உள்ளே பெட்டி மூடி கிறீச்சிட்ட சத்தம் அவருக்குக் கேட்டது. இந்த நேரத்தில் இவளுக்குப் பெட்டியில் என்ன வேலை என்று நினைத்தார். வஹீபா தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வெளியே வந்தாள். முக்காட்டைச் சரியாகப் போட்டு, கலியாண வீட்டில் உபசரிக்கிறவள் மாதிரி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தாள்.

"தம்பி, மொதல்ல இதை..." என்று ஆரம்பித்தாள்.

தாமிர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கிளாஸைத் தட்டிலிருந்து எடுத்துத் திட்டில் வைத்தான், கம்பியை இறக்கினான், சுவிட்சைப் போட்டான்.

இந்த முறை மஞ்சள் வர நேரமே ஆகவில்லை. துரு நிறம் கம்பியைச் சுற்றிப் புகைபோலக் கிளம்பியது. பிறகு பச்சை கலந்த கறுப்பு. மேலே நுரை பொங்கி கிளாஸின் விளிம்பில் வழிந்தது. பக்கத்துக் கிளாஸ் தெளிந்து அப்படியே நின்றது. கூட்டத்தில் பெண்கள் "யா ரப்பே" என்றார்கள்.

"பார்த்துக்குங்க!" தாமிர் கிளாஸை உயர்த்திப் பிடித்தான். "மத்த வீடெல்லாம்கூடப் பரவாயில்ல. இது தண்ணியா? சாக்கடை! இதை நாய்க்கு வச்சா நாய் உங்களக் கடிக்கும். இதையா குடிக்கிறீங்க? இதையா விருந்தாளிக்குக் குடுப்பீங்க?"

சிலர் சிரித்தார்கள். வஹீபா காலித் தட்டைப் பிடித்தபடி நின்றாள். அவள் கண் கிளாஸிலேயே இருந்தது. பகீத் ஒரு அடி முன்னால் வைத்தார், அவள் விழுந்துவிடுவாளோ என்று. அவள் விழவில்லை.

"தம்பி, இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னம்மா?"

"அந்த கிளாஸுல இருக்கிறது என்ன?"

"சாக்கடைம்மா. விஷம். அன்னிக்கே சொன்னேனே."

"அது ஸம்ஸம்."

வஹீபா காலித் தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"வெயில்ல வர்றீங்க. நோன்பும் இல்ல. விஷத் தண்ணிய எப்படி விருந்தாளிக்குக் குடுக்கிறதுன்னு என் கஃபன் பெட்டியத் தெறந்தேன். நீங்க குடிக்கத்தான் கொண்டாந்தேன்."

தாமிரின் கையில் கிளாஸ் அந்தரத்தில் நின்றது. அதைக் கீழே வைப்பதா, தூக்கியே பிடிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

முதலில் வாயைத் திறந்தது ஹாஜியம்மா சக்கீனாதான். "எது? நான் முட்டி வலியோட மக்காவுல இருந்து சுமந்துட்டு வந்ததா? இஸ்மாயில் நபி காலடியில பீறிட்ட தண்ணியா? அதையாடா நாய் குடிக்காதுன்னே?"

"ஹாஜியம்மா, மிஷின்ல கோளாறா இருக்கும்..."

"அன்னிக்கு என் வீட்டுல?"

"அன்னிக்கு சரியா..."

"இன்னிக்குக் கோளாறு, அன்னிக்கு சரி! இந்தா, இந்தக் கீரைய ஆயிற கத்தி இருக்கு, இது எப்பவும் சரியா இருக்கும்!"

தாமிர் கிளாஸை வைத்துவிட்டு வண்டியைப் பார்த்தான். அதற்குள் பகீத் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துத் தெருவின் குறுக்கே கொண்டுபோய், "இக்க், இக்க்" என்று அதன் முன்னங்காலில் தட்டினார். ஒட்டகம் முனகிக்கொண்டே முட்டி மடித்து உட்கார்ந்தது. சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டது. தெருவின் மறுமுனை கால்வாயில் முடிகிறது.

"இனிமே கெளம்பலாம் டாக்டரே" என்றார். "அதுக்கு வயிறு சரியில்ல. எழுந்திருக்க நேரமாகும்."

அபுல்வஃபா கையை மடக்கிக்கொண்டு வந்தான். வஹீபா தட்டை அவன் நெஞ்சில் வைத்துத் தடுத்தாள்.

"யாரும் அடிக்கக் கூடாது. அடிச்சா வாய மூடிக்குவான். எனக்கு அவன் வாய் வேணும்." அவள் தாமிருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். 'நீங்க' போய்விட்டிருந்தது. "தண்ணி ஏன் கறுத்துச்சு?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "கம்பிதாம்மா கரையுது. இரும்பு. தண்ணியில கொஞ்சம் உப்பு இருந்தாப் போதும், கரண்டு பாஞ்சு கரைஞ்சுடும். ஆத்துத் தண்ணி, கெணத்துத் தண்ணி, எல்லாத்துலயும்."

"உன் பாட்டில்ல?"

"அதுல உப்பே கெடையாது. பேட்டரிக்கு ஊத்துற தண்ணி."

"அப்ப என் பிள்ளையக் கொன்னது என் தண்ணியா? இல்லையா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாமலா சொன்ன?"

அவன் தலை குனிந்தான். "எல்லா வீட்டுலயும் அதைத்தாம்மா சொல்வேன். எல்லா வீட்டுலயும் யாராச்சும் செத்திருப்பாங்கல்ல."

அடிக்க வந்த அபுல்வஃபாகூட மடக்கிய கையைக் கீழே இறக்கிவிட்டான். பகீத்துக்கு அந்தக் கணத்தில் தாமிரை ஒட்டகத்துக்கு அடியில் போட்டு நசுக்க வேண்டும்போல இருந்தது. வஹீபாவைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அவள் முகம் அழவில்லை. ஐந்து நாளாகக் குனிந்து கிடந்த முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தது.

"வீடு வீடாப் போய்ச் சொன்னல்ல" என்றாள். "அதே மாதிரி வீடு வீடாப் போ. வாங்கினதையெல்லாம் திருப்பிக் குடு. குடுக்கும்போது, நான் சொன்னது பொய்னு செத்தவங்க பேரச் சொல்லிச் சொல்லு. ஹாஜியம்மா, நீங்க கூடப் போறீங்களா?"

"போறீங்களான்னு கேக்குறா பாரு!" சக்கீனா ஏற்கெனவே வண்டியில் ஏறி அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். கத்தி மடியில்.

தாமிர் சட்டைக்குள்ளிருந்து துணிமுடிச்சை எடுத்துக் கம்மலைக் கொடுத்தான். வஹீபா அதை வாங்கிக் காதில் போடாமல் பகீத் கையில் திணித்தாள். "பிடிங்க. எனக்குக் கை ஈரமாகப் போகுது."

பகீத் அவனுடைய கம்பிக் கருவியை ஒட்டகச் சேணத்தில் கட்டிக்கொண்டார். ஒட்டகத்தை எழுப்பி வண்டிக்கு முன்னால் நடந்தார். பின்னால் வண்டி, அதன் பின்னால் தெரு. ஒவ்வொரு வாசலிலும் தாமிர் இறங்கினான். "உங்க மாமியா மஞ்சக்காமாலைக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. பொய் சொன்னேன்." "கேக்கல!" என்று சக்கீனா பெட்டி மேலிருந்து அதட்டுவாள். திரும்பவும் சொல்லுவான். பித்தளை அண்டா வண்டி அடியிலிருந்தே வந்தது. ஆட்டுக்கிடாய்க்காரனுக்கு அவன் மணிபர்ஸும் கைக்கடிகாரமும் போயின. எந்த வீட்டிலும் அவனுக்கு உட்காரச் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் டீ வரவில்லை. அந்த ஊரில் அப்படி ஒரு காரியம் நடந்து பகீத் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது வெயில் கரும்புக்காட்டுக்கு மேல் சாய்ந்திருந்தது. காற்று கொஞ்சமும் அடங்கவில்லை. தாமிரின் வெள்ளைக் கோட்டு மண் நிறத்துக்குப் போய்விட்டது. உதடு வெடித்திருந்தது. ஊர்த்தலைவரின் ஆள் வந்து கூட்டிப் போகும்வரை இங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் பகீத் வீட்டுச் சுவரோரம் நிழலில் குந்தினான்.

சால் எழுந்து நின்றது. வஹீபா தனியாகவே நிமிர்த்தி, தேங்காய் நாரைப்போல் முரடான பேரீச்ச நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, கழுத்துவரை நிரப்பியிருந்தாள். மண் தண்ணீரைக் குடித்துக் கறுத்து, வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது. சங்கிலியில் குவளை தொங்கியது.

தாமிர் அதைப் பார்த்தான். பார்வையைத் திருப்பினான். திரும்பவும் பார்த்தான்.

"அம்மா" என்றான் கடைசியில், குரல் வராமல். "கொஞ்சம் தண்ணி."

"இவனுக்கா?" என்றான் அபுல்வஃபா. "கால்வாய்ல போய்க் குடிக்கட்டும்!"

"போற வர்றவங்களுக்குன்னு வச்சது" என்றாள் வஹீபா. "இவன் போறவன்தானே."

அவளே குவளையில் மொண்டு நீட்டினாள். அவன் நின்றவாக்கில் ஒரே மூச்சில் குடித்தான். தண்ணீர் கழுத்தில் வழிந்து கோட்டில் இறங்கியது. அவள் இன்னொன்று மொண்டாள். அதையும் குடித்தான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று பகீத் கேட்டார்.

"குளிர்ந்திருக்குங்க."

"சாக்கடைதானே?"

அவன் குவளையைச் சங்கிலியில் மாட்டிவிட்டு நகரப் பார்த்தான்.

"நில்லு" என்றாள் வஹீபா. "இந்தத் தண்ணிய சும்மா யாரும் குடிச்சுட்டுப் போறதில்ல. ஃபாத்திஹா ஓது. பேரு கினாவி. வஹீபா மகன் கினாவி."

தாமிர் இரண்டு கையையும் ஏந்தினான். வாய்க்குள் முணுமுணுத்தான். பாதியில் எங்கோ தடுமாறி, சட்டென்று "ஆமீன்" சொல்லிக் கையை முகத்தில் தடவிக்கொண்டான்.

பகீத் வஹீபாவைப் பார்த்தார். அவள் இடுப்பில் கையை ஊன்றிச் சாலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் மடியிலிருந்த கம்மலை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"பாதிய முழுங்கிட்ட" என்றாள் அவனிடம். "சன்னலுக்கு உள்ள வரைக்கும் கேக்கணும். மொதல்ல இருந்து ஓது."